உடைந்த மாதிரிகளும் ஒன்பது எண்களும்

"சைட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கியம் நம் கட்டடத் தொழிலில் புழங்காத நாள் கிடையாது. வரைபடத்தில் சன்னலின் மேல்விளிம்பும் பீமின் அடிப்பக்கமும் இரண்டு அங்குலம் இடித்துக்கொள்கின்றன. பொறியாளர் வரைபடத்தைப் பார்க்கிறார், மேஸ்திரியைப் பார்க்கிறார், சைட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படியே பார்த்தும் கொள்கிறார்கள். மேஸ்திரி கொஞ்சம் கொத்துவார், கொஞ்சம் பூசுவார், ரசமட்டம் வைப்பார், நூல் பிடிப்பார். மாலைக்குள் அந்த இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தின் பெரும்பாலான கட்டடங்கள் எழுந்தது இந்த அறிவால்தான். வரைபடம் சொல்லாமல் விட்டதைக் கை சொல்லி முடித்திருக்கிறது.

இயந்திரத் தொழிலில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. பம்பின் ஷாஃப்ட் ஒரு பட்டறையில் கடையப்படுகிறது. பேரிங் வேறு ஊரிலிருந்து, சில சமயம் வேறு நாட்டிலிருந்து வருகிறது. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது மூன்றாவது இடத்தில். அங்கே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினால் உள்ளே போகாது. குறைந்தால் பிடிமானம் இருக்காது. கொத்திப் பூசி ஒப்பேற்ற வழியில்லை. ஆகவே இயந்திரம் வரைகிறவர் முதல் கோட்டை இழுக்கும்போதே சந்திப்புகள் அனைத்தையும் யோசித்தாக வேண்டும். எது எதைத் தொடுகிறது, எந்த அளவு எந்த அளவிலிருந்து பிறக்கிறது, ஒன்று மாறினால் கூடவே எவையெல்லாம் மாற வேண்டும் என்பதுதான் அவருக்கு வரைபடமே.

இந்த இரண்டு மனநிலைகளும் 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் நேருக்கு நேர் சந்தித்தன. விமானமும் காரும் வடிவமைக்க எழுதப்பட்ட மென்பொருள்களைக் கட்டடக் கலைஞர்கள் கையில் எடுத்தார்கள். பெரும்பாலும் இதை வளைந்த கூரைகளின் கதையாகவே சொல்கிறார்கள்: இதுவரை கட்ட முடியாதது இப்போது கட்ட முடிந்தது, அவ்வளவுதான் என்று. எனக்கு அந்தக் கதை போதவில்லை. ஒருவர் மறைந்த பிறகு அவர் எண்ணியதை இன்னொருவர் தொடர முடியுமா, முடியுமென்றால் அவர் எதை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இயந்திர வரைபடங்களோடு பழகியவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைத்தான் நான் பின்தொடர விரும்புகிறேன்.

மென்பொருளிலிருந்து தொடங்குகிறேன். கட்டட அலுவலகங்களில் அந்நாளில் இருந்த கணினி வரைபடம் பெரும்பாலும் காகிதத்தின் நகல்தான். நான்கு கோடுகள் இழுத்தால் ஒரு செவ்வகம். அது சன்னலா, மேசையா என்பது கணினிக்குத் தெரியாது. இயந்திர வடிவமைப்பு மென்பொருள் வேறு விதமாக யோசிக்கிறது. ஒரு தகட்டில் துளை போட வேண்டுமென்றால், "தகட்டின் நடுவில்" என்றே சொல்லிவிடலாம். "துளையின் விட்டம் தகட்டின் தடிமனில் பாதி" என்றும் சொல்லலாம். நாளை தகடு பெரிதானால் துளை தானே நடுவுக்கு நகர்ந்து தானே விரியும். திரையின் இடப்பக்கம் ஒரு மரம்போல நீளும் பட்டியலில் ஒவ்வொரு செயலும் பிறந்த வரிசையில் நிற்கும்: முதலில் இந்த ஸ்கெட்ச், அதிலிருந்து இந்தக் கட்டி, அதன் விளிம்பில் இந்த ஃபில்லெட். மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய் ஓர் எண்ணை மாற்றினால், அதற்குப் பின்னால் வந்த எல்லாம் மறுபடி கட்டிக்கொண்டு எழும். கொடுத்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் பட்டியலில் சிவப்பு விழும். அந்தச் சிவப்பை அலட்சியம் செய்துவிட்டு மேலே போக முடியாது.

இந்த யோசனைக்குப் பழைய வேர்கள் உண்டு. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தன் ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று அதன்படி வடிவத்தைத் திருத்தியது. வளைவுகளின் கணிதம் கார்த் தொழிலிலிருந்து வந்தது. 1959-இல் சிட்ரோவனில் பால் த காஸ்தெல்ஜோவும், 1960-களில் ரெனோவில் பியேர் பெஸியேவும், கார் உடம்பின் வளைவை எண்களாக எழுதும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சிட்ரோவன் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது, பெஸியே வெளியிட்டார். அதனால் வளைவுக்கு அவர் பெயர் நிலைத்தது. அதற்கு முன்பு கப்பல் கட்டும் தளங்களில் நெகிழும் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்திப் பிடித்து, முழு அளவில் தரையிலேயே வளைவை வரைவார்கள். 1977-இல் பிரான்ஸின் தஸ்ஸோ விமான நிறுவனத்துக்குள் உருவாகத் தொடங்கிய கேட்டியா என்ற மென்பொருள் விமானத் தொழிலின் அன்றாடக் கருவியாயிற்று. 1994-இல் முதன்முறை பறந்த போயிங் 777 முழுக்க அதில் வடிவமைக்கப்பட்டதுதான்.

கட்டடக் கலைக்குள் கேட்டியாவைக் கொண்டுவந்தது ஒரு மீன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்காகக் கடற்கரையில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி எழுப்பிய 50 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள உலோகப் பின்னல் மீன். கெரி கணினி தொடாதவர். கையால் கிறுக்குவார், அட்டையையும் மரத்தையும் தாளையும் வைத்து மாதிரி செய்வார். ஜெர்மனியின் வைல் அம் ரைனில் 1989-இல் முடிந்த விட்ரா அருங்காட்சியகத்தின் சுருள் படிக்கட்டு அவரை உறுத்தியது: வழுவழுவென்று சுற்றிப் போக வேண்டிய வளைவு, தட்டை வரைபடங்கள் வழியாகப் போய்க் கட்டி முடிந்தபோது ஓரிடத்தில் முறிந்து தெரிந்தது. வடிவம் அவர் கையில் சரியாக இருந்தது. தாளுக்குள் புகுந்து வெளியே வரும் வழியில் உடைந்தது. மீனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அவர் அலுவலகத்தின் ஜிம் கிளிம்ஃப் தேடியபோது கண்டடைந்தது விமானத் தொழிலின் மென்பொருளை.

அதன்பிறகு அவர்கள் வழக்கம் இப்படி அமைந்தது. கெரி மாதிரியைக் கையால் செய்து முடிப்பார். ஒரு கருவியின் முனையால் அதன் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளைக் கணினியில் பதிவார்கள். அந்தப் புள்ளிகள்மீது கேட்டியா மேற்பரப்பைப் போர்த்தும். அதிலிருந்து எஃகுச் சட்டமும், தகடுகளும், ஒவ்வொரு துண்டின் அளவும் பட்டறைக்குப் போகும். 1997 அக்டோபரில் திறந்த பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் இப்படி எழுந்தது; அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள டைட்டானியத் தகடுகள் அதன் தோல். லாஸ் ஏஞ்சலிஸின் வால்ட் டிஸ்னி இசை அரங்குக்கு 1987-லேயே நன்கொடை வந்துவிட்டது. ஆனால் கட்டுமான வரைபடங்களை வேறொரு நிறுவனம் பழைய முறையில் தயாரித்த காலத்தில் வேலை சிக்கலாகி, செலவு ஏறி, நின்றே போனது. பின்னால் தொடங்கிய பில்பாவோ முன்னால் முடிந்தது. டிஸ்னி அரங்கு 2003-இல்தான் திறந்தது. 2002-இல் கெரியின் ஆட்கள் தனி நிறுவனமே தொடங்கி, கேட்டியாவின்மேல் கட்டடத் தொழிலுக்கான ஒரு மென்பொருளை உருவாக்கி விற்றார்கள்.

இதில் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு கலைஞனின் கை வளைத்த காகிதம் வழியில் யாராலும் திருத்தப்படாமல் எஃகாகி நிற்பது சாதாரணக் காரியமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மென்பொருள் செய்தது, இருக்கும் வடிவத்தைப் பிசகாமல் எடுத்துச் செல்வது. அந்தக் கூரை ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று மாதிரியிடம் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. கெரியின் கை அப்படி வளைத்தது, அதனால் வளைகிறது. புள்ளிகள் இருக்கின்றன, காரணம் இல்லை.

டிஸ்னி அரங்கில் நடந்த ஒரு விஷயம் இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அதன் ஒரு பகுதியில் கண்ணாடிபோல் மெருகேற்றிய குழிவான எஃகுத் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். அவை சூரிய ஒளியைக் குவித்து எதிர்வீட்டு மாடிகளில் கொட்டின. குடியிருந்தவர்கள் வெப்பம் தாங்காமல் முறையிட்டார்கள். 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியதாயிற்று. தகட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள உறவை மென்பொருள் இம்மி பிசகாமல் அறிந்திருந்தது. தகட்டுக்கும் சூரியனுக்கும் உள்ள உறவை யாரும் அதனிடம் சொல்லவில்லை. சொல்லாத உறவு எதுவும் மாதிரிக்குள் இருக்காது. விமான வடிவமைப்பில் காற்று எப்போதும் மாதிரிக்குள் இருக்கிறது, ஏனென்றால் அதை மறந்தவர்களின் விமானம் விழுந்துவிடும். கட்டடம் அப்படி உடனே தண்டிப்பதில்லை, அதனால் மறப்பது எளிது.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அதுவும் பார்சிலோனாதான். மீன் நிற்கும் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சக்ராடா ஃபமிலியா என்ற திருக்குடும்ப ஆலயம்.

1882-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே பொறுப்பு கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியிடம் வந்தது. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வேறு வேலையே ஏற்கவில்லை. 1926 ஜூனில் டிராம் மோதி இறந்தபோது ஆலயத்தின் சிறு பகுதிதான் எழுந்திருந்தது. தன் காலத்தில் முடியாது என்று அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் தெரிந்திருக்காவிட்டாலும் நடுவில் தெரிந்துவிட்டது. அதனால்தான் பிற்காலத்தில் அவர் வேலை செய்த விதம் மாறியது என்று நான் நினைக்கிறேன். வரைபடங்களைவிடப் பெரிய சுண்ண மாதிரிகளை நம்பினார், பத்தில் ஒரு பங்கு அளவில், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில். கை போனபடி வளையும் வடிவங்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் குறிப்பிட்ட சில மேற்பரப்புகளுக்குள் தன்னை அடக்கிக்கொண்டார்.

அந்த மேற்பரப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டு கம்பிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று இணையாகவும் இல்லாமல் சந்திக்கவும் செய்யாமல், கோணலாக நிறுத்துங்கள். இரண்டிலும் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து, முதல் புள்ளிக்கு முதல் புள்ளி, இரண்டாவதற்கு இரண்டாவது என்று நூல் கட்டுங்கள். ஒவ்வொரு நூலும் நேர்க்கோடு. ஆனால் எல்லா நூல்களும் சேர்ந்து குதிரைச் சேணத்தின் வளைவைத் தருகின்றன. இன்னொரு வகையில் இரண்டு வட்டங்களுக்கிடையே நூல்களைச் சாய்த்துக் கட்டினால், மேலும் கீழும் விரிந்து இடுப்பில் ஒடுங்கிய வடிவம் வரும். அனல்மின் நிலையங்களில் ஆவி கக்கி நிற்கும் குளிர்விப்புக் கோபுரத்தின் வடிவம் அதுதான், ஹைப்பர்போலாய்டு என்பார்கள். வளைவு முழுக்க நேர்க்கோடுகளால் ஆனது. கல்தச்சர் நூலை இழுத்துப் பிடித்துச் செதுக்கலாம், தச்சர் நேரான பலகைகளை அடுக்கி அச்சு செய்யலாம். அதாவது, அந்த வளைவை வாயால் சொல்லி இன்னொருவரைச் செய்ய வைக்க முடியும். "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நூல் பிடி" என்றால் போதும். சொல்ல முடியாத வளைவுகளை அவர் தன் முதுமையில் கைவிட்டார்.

அதற்கும் முந்தைய ஒரு வேலையில் அவர் இன்னும் வியப்பானதைச் செய்திருந்தார். கொலோனியா குவெல் என்ற ஆலைக் குடியிருப்பின் ஆலயத்துக்காக, சுமார் பத்து ஆண்டுகள், ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நூலிலும் ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டினார். பையின் எடை, கட்டடத்தில் அந்த இடம் சுமக்கும் எடையின் விகிதம். நூல்கள் தாமே தமக்கேற்ற வளைவில் தொங்கின. அதைப் படமெடுத்துத் தலைகீழாக்கினால், சுமையை அழுத்தமாக மட்டுமே தாங்கும் வளைவுகளும் சாய்ந்த தூண்களும் கிடைத்தன. தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் உறுதியான வளைவு வரும் என்பதை ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். அதை ஒரு முழுக் கட்டடத்துக்கு நீட்டியவர் கௌதி. ஒரு பையில் நான்கு குண்டுகளைக் கூட்டுங்கள், அந்த நூல் மட்டும் நகராது. அதோடு கட்டுப்பட்ட எல்லா நூல்களும் நகர்ந்து புதிய சமநிலையில் நிற்கும். நிபந்தனைகளைக் கொடு, வடிவம் தானே வரட்டும். ஒன்றை மாற்று, மற்றவை தாமே மாறட்டும் என்ற இந்த யோசனை இயந்திர மென்பொருளின் திரைக்குள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

1936 ஜூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்தபோது கூட்டம் ஆலயத்துக்குள் புகுந்தது. கௌதியின் பட்டறைக்குத் தீ வைத்தார்கள். வரைபடங்கள் எரிந்தன. சுண்ண மாதிரிகளை அடித்து நொறுக்கினார்கள். போர் முடிந்ததும் அவருடைய சீடர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டத் தொடங்கினார்கள். கையில் இருந்தவை அந்தத் துண்டுகளும், பழைய புகைப்படங்களும், அச்சாகியிருந்த சில வரைபடங்களும், கௌதியோடு பேசிப் பழகிய இளம் கட்டடக் கலைஞர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளும்தான்.

1979-இல் கேம்பிரிட்ஜ் மாணவராக அங்கே போன நியூசிலாந்துக்காரர் மார்க் பரி இந்தத் துண்டுகளுக்குள் இழுக்கப்பட்டார். நடுக்கூடத்தின் மேல் சன்னல்களும் கூரையும் ஹைப்பர்போலாய்டுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும் அமைப்பு. ஒரு ஹைப்பர்போலாய்டை முழுமையாகச் சொல்ல ஒன்பது எண்கள் வேண்டும். அது வெளியில் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று, எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு மூன்று, இடுப்பு எவ்வளவு ஒடுங்கி வாய் எவ்வளவு விரிகிறது என்பதற்கு மூன்று. அப்படிப்பட்ட இரண்டு மேற்பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு முறுக்கிய வளைகோடு பிறக்கும். மூன்று மேற்பரப்புகள் சந்தித்தால் ஒரு புள்ளி. உடைந்த மாதிரிகளில் அந்தப் புள்ளிகள் கூர்மையான முனைகளாகத் தப்பியிருந்தன. அவற்றை அளக்கலாம்.

ஆக, பரிக்கு முன்னிருந்த கேள்வி எளிமையாகச் சொல்லக்கூடியது, தீர்க்கக் கடினமானது: இந்த முனைகளைத் தரக்கூடிய ஒன்பது எண்கள் எவை? தொடக்கக் காலத்தில் அதைத் தாளில் கையால் செய்தார்கள். ஒரு மேற்பரப்பை இரண்டு அங்குலம் நகர்த்தினால், பக்கத்து மேற்பரப்புகளோடு அது சந்திக்கும் அத்தனை வளைகோடுகளையும் மறுபடி வரைய வேண்டும். பொருந்தவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. 1990-களின் தொடக்கத்தில் கணினியைத் தேடியபோது, கட்டடத் தொழிலுக்கென்று இருந்த மென்பொருள்கள் இந்த வேலைக்கு உதவவில்லை. விமானமும் கப்பலும் வடிவமைக்கும் பொறியாளர்கள் பயன்படுத்திய கேட்ஸ்-5 என்ற மென்பொருளில்தான் வழி கிடைத்தது. பிறகு கேட்டியாவுக்கும் போனார்கள். ஓர் எண்ணை மாற்று, சந்திப்புகள் தாமே மறுபடி கணக்கிடப்பட்டு எழும், துண்டில் அளந்த முனையோடு ஒப்பிட்டுப் பார். பொருந்தவில்லை, அடுத்த எண். கணினி தேடியது, எது பொருந்துகிறது என்று மனிதக் கண் தீர்ப்புச் சொன்னது. 2000-ஆம் ஆண்டில் நடுக்கூடத்தின் கூரை மூடியது. 2010 நவம்பர் 7 அன்று ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 138 மீட்டர் உயரமுள்ள மரியன்னை கோபுரத்தின் உச்சியில் விண்மீன் ஒளிர்ந்தது.

தூண்களையும் சொல்லாமல் போக மனமில்லை. விண்மீன்போல முனைகள் கொண்ட ஓர் அடித்தளத்தை எடுத்து, மேலே போகப் போக வலப்பக்கம் முறுக்குங்கள். அதே அடித்தளத்தை இன்னொரு தடவை இடப்பக்கம் முறுக்குங்கள். இரண்டு முறுக்குத் தூண்களும் பொதுவாகக் கொண்டிருக்கும் பகுதியை மட்டும் மிச்சம் வையுங்கள். அடியில் எட்டு விளிம்பாகத் தொடங்கியது மேலே பதினாறாகி, பிறகு முப்பத்திரண்டாகி, வட்டத்தை நோக்கி மெல்லக் கரையும். இந்தத் தூணைப் பார்க்கும் எந்த இயந்திர வடிவமைப்பாளரும் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார். ஏனென்றால் இது அவர் தினமும் திரையில் செய்யும் காரியம்: இரண்டு திடப்பொருள்களை ஒன்றுக்குள் ஒன்று செலுத்திப் பொதுவானதை எடுப்பது. கௌதி அதைச் சுண்ணத்தைச் சுரண்டிச் செய்தார்.

இப்போது கெரியின் மாதிரியையும் கௌதியின் மாதிரியையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கையால் செய்தவை, இரண்டும் ஒரே வகை மென்பொருளுக்குள் போனவை. ஒரு தீ விபத்தில் கெரியின் மாதிரி உடைந்து பாதிதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்சப் பாதியை அளந்து, காணாமல் போன பாதியைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வளைவு அடுத்து எங்கே போயிருக்கும் என்பதை அந்த வளைவிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. கௌதியின் மாதிரியில் கையளவு துண்டு கிடைத்தாலும், அது எந்த மேற்பரப்பின் துண்டு என்று தெரிந்துவிட்டால், முழுச் சன்னலும் திரும்பி வருகிறது. 1936-இல் அந்தக் கூட்டம் நொறுக்கியது வடிவத்தை. வடிவத்துக்குக் காரணமான விதி அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

கெரி சிறியவர், கௌதி பெரியவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. பில்பாவோ கெரியின் வாழ்நாளிலேயே முடிந்தது. தன் கண்முன் முடியப்போகும் வேலைக்குக் கைமட்டும் போதும். தனக்குப் பிறகு நூறு ஆண்டுகள் நடக்கப்போகும் வேலைக்குப் போதாது. கௌதிக்கு முன்னால் அவருடைய மரணம் ஒரு நிபந்தனையாக நின்றது, வரைபடத்தில் குறித்த அளவுகளைப்போல. அவர் அதற்கேற்ப வடிவமைத்தார்.

இதை மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் எளியவர்களும் அல்லர். 1965-இல் கட்டடக் கலைஞர்கள் லெ கொர்பூசியே, புரூனோ செவி உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டு, கட்டுமானத்தை நிறுத்தும்படி பார்சிலோனாவின் லா வான்குவார்தியா நாளேட்டில் கடிதம் வெளியிட்டார்கள். ஆசிரியர் இல்லாமல் படைப்பைத் தொடர்வது அவருக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. இன்றும் அந்த ஆலயத்தில் நிற்பது கௌதியா, கணினியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி புரிகிறது. கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் பாஷன் முகப்பின் சிற்பங்களைப் பற்றிக் கேட்டால் நானும் தயங்குவேன், சிற்பத்துக்கு ஒன்பது எண்கள் கிடையாது. ஆனால் அந்த நடுக்கூடத்தைப் பொறுத்தவரை என் பதில் தெளிவானது. பரிக்குத் தன் விருப்பப்படி ஒரு வளைவையும் சேர்க்கத் தேவையிருக்கவில்லை. துண்டில் உள்ள முனையோடு பொருந்தும்வரை தேடுவதுதான் அவர் வேலை. அந்தத் தேடலை மனித ஆயுளுக்குள் முடிக்க வைத்ததுதான் இயந்திரத் தொழிலின் மென்பொருள் செய்த உதவி. கௌதியின் நூல்களில் இருந்த விதியும் மென்பொருளின் நிபந்தனைகளும் ஒரே மொழி என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

இந்த இடத்தில் நம் அலுவலகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கேட்டியாவிலும் சாலிட்வொர்க்ஸிலும் மாதிரிகள் செய்கிறார்கள். மாதிரி அழகாக இருக்கும், அளவுகள் சரியாக இருக்கும். இடப்பக்கப் பட்டியலைத் திறந்தால் ஸ்கெட்ச் 1, ஸ்கெட்ச் 2, ஸ்கெட்ச் 112 என்று போய்க்கொண்டே இருக்கும். மென்பொருள் தானே வைத்த பெயர்கள் அவை. எந்த ஸ்கெட்ச் எதற்காக, இந்த 14 மில்லிமீட்டர் ஏன் 15 ஆகவில்லை என்று எங்கும் இருக்காது. செய்தவர் வேறு வேலைக்குப் போன மறுநாள், அந்த மாதிரியைத் திருத்தப் போகிறவர் ஓர் எண்ணை மாற்றுவார், பட்டியல் முழுக்கச் சிவந்துவிடும். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைவார். எது எதிலிருந்து பிறந்தது என்பதை மென்பொருள் தானாக நினைவில் வைக்கும். ஏன் பிறந்தது என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்தால்தான் வைக்கும். அந்த நேரத்தை நாம் வீண் செலவாகக் கணக்கிடுகிறோம். அடுத்தவருக்கான மரியாதை என்று அதைக் கருதும் அலுவலகங்கள் குறைவு, அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கோப்புகளும் நிரந்தரமில்லை. கேட்ஸ்-5 செய்த கம்ப்யூட்டர்விஷன் நிறுவனம் 1998-இல் இன்னொரு நிறுவனத்துக்குள் போய்விட்டது. ஒரு பதிப்பில் சேமித்த மாதிரி வேறு பதிப்பில் பாதி உறவுகளை இழந்து வெறும் கட்டியாகத் திறப்பதை இத்தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1936-இன் சுண்ணத் துண்டை இன்றும் கையில் எடுத்து அளக்கலாம். 1990-களின் கோப்பை அப்படி எடுத்துத் திறந்துவிட முடியாது. இதில் மென்பொருளின்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தனக்குள் வந்ததை அது தன் காலம்வரை காக்கும். அதன் காலம் முடிந்த பிறகு அதிலிருந்து எதைத் தாளில் எழுதி வெளியே எடுக்க முடிகிறதோ அது மட்டும் அடுத்தவருக்குப் போகும். பில்பாவோவின் மேற்பரப்பைத் தாளில் எழுதுவதென்றால் கணக்கற்ற புள்ளிகளின் பட்டியல்தான். கௌதியின் சன்னலுக்கு ஒன்பது எண்கள் ஒரு வரியில் அடங்கும்.

அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொன்றும் கௌதியோடு பேசியவர்கள் வழியாக வந்திருக்கிறது. சன்னலுக்கு ஹைப்பர்போலாய்டை அவர் தேர்ந்தெடுத்தது அழகுக்காக மட்டுமல்ல. அதன் ஒடுங்கிய இடுப்பு வழியாக நுழையும் வெளிச்சம், விரிந்த வாயின் சரிவுகளில் பட்டுப் பரவி, கூசாமல் கூடத்துக்குள் இறங்கும் என்பதற்காக. தெற்குச் சூரியனின் கடுமை தெரிந்த ஊர்க்காரர் அவர். எண்கள் எந்தச் சன்னல் என்று சொல்கின்றன, இந்த வாக்கியம் ஏன் அந்தச் சன்னல் என்று சொல்கிறது. நாளை ஒரு கல் பெயர்ந்து அதை மாற்ற வேண்டி வந்தால், எண்களில் எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று முடிவெடுக்கப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும்.